குழலின் அடியில் ஒரு நாட்காட்டி: பழைய ஐரோப்பிய வேட்டை ரைபிளின் வயதைக் கண்டுபிடிப்பது எப்படி?

பழைய வேட்டை ரைபிள் ஒன்று கைக்கு வந்ததும் எல்லோரும் முதலில் தேடுவது தயாரிப்பாளர் பெயரையும் வரிசை எண்ணையும்தான். ஐரோப்பாவில் செய்த ரைபிளுக்கு இந்த இரண்டும் பெரும்பாலும் கைகொடுக்காது. மேலே அழகாகச் செதுக்கியிருக்கும் பெயர், அதைச் செய்தவருடையதாக இல்லாமல் விற்ற கடையின் பெயராக இருக்கலாம். சிறு பட்டறைகளின் வரிசை எண்களுக்கோ எந்தப் பட்டியலும் இல்லை. வயதைச் சொல்லும் சாட்சி குழலின் அடியில், மரக்கட்டைக்குள் ஒளிந்திருக்கும் சின்னச் சின்ன முத்திரைகளில் இருக்கிறது.

இதற்குக் காரணம் எளிது. ஜெர்மனி, பிரிட்டன், பெல்ஜியம், ஆஸ்திரியா போன்ற நாடுகளில் ஒரு துப்பாக்கியை விற்பதற்கு முன் அதைச் சோதனைச்சாலைக்கு அனுப்ப வேண்டும் என்று சட்டம் உண்டு. அங்கே வழக்கமான அளவைவிட அதிகமான அழுத்தம் தரும் தோட்டாவைப் போட்டுச் சுட்டுப் பார்ப்பார்கள். குழல் வெடிக்காமல், வீங்காமல் தாங்கினால் முத்திரை குத்துவார்கள். ஒவ்வொரு முத்திரைக்கும் பின்னால் ஒரு சட்டம் இருக்கிறது, அந்தச் சட்டத்துக்கு ஒரு தேதி இருக்கிறது. ஆகவே ஒரு முத்திரையைப் பார்த்தால், "இந்த வேலை இந்த ஆண்டுக்கு முன்னால் நடந்திருக்க முடியாது" என்று உறுதியாகச் சொல்லலாம். கட்டாயமாக இருக்க வேண்டிய முத்திரை இல்லையென்றால், "இந்த ஆண்டுக்குப் பிறகு செய்தது அல்ல" என்று ஓரளவு சொல்லலாம். இந்த இரண்டு வரம்புகளையும் ஒன்றை நோக்கி ஒன்று நெருக்கிக்கொண்டே வருவதுதான் வேலை முழுவதும்.

கையில் எடுப்பதற்கு முன்

இந்தியாவில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தாத்தா காலத்து ரைபிளாக இருந்தாலும் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும். பழுது பார்த்தாலும் சுட முடியாத நிலையில் இருக்கும் பழம்பொருளுக்கு மட்டும்தான் விலக்கு. "நூறு வருஷப் பழசு, அதனால் பரவாயில்லை" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். உரிமம் யார் பெயரில் இருக்கிறதோ அவர் கூட இருக்கும்போதே பாருங்கள்.

போல்ட் (தோட்டா அறையைப் பின்னாலிருந்து மூடும் உருளை) உள்ள ரைபிள் என்றால் போல்ட்டை வெளியே எடுங்கள். இரட்டைக் குழல் என்றால் மடக்கித் திறங்கள். தோட்டா அறை காலியா என்று கண்ணாலும் பாருங்கள், சுண்டுவிரலை விட்டும் பாருங்கள். உயரமான அலமாரியில் அறுபது ஆண்டுகளாகக் கிடந்த துப்பாக்கிக்குள் தோட்டா இருப்பது அரிதான விஷயம் இல்லை.

அப்புறம் கருவிகள்: பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், பக்கவாட்டில் ஒளி பாய்ச்ச ஒரு சிறிய டார்ச், மென்மையான பல் துலக்கும் பிரஷ், கொஞ்சம் துப்பாக்கி எண்ணெய், திருகின் பள்ளத்தில் சரியாகப் பொருந்தும் ஸ்குரூடிரைவர். இந்தக் கடைசிக் கருவியில் மட்டும் சமரசம் வேண்டாம். பொருந்தாத ஸ்குரூடிரைவரால் திருகின் தலையைச் சிதைத்துவிட்டால் அந்தக் காயம் போகாது. திருகு அசையவில்லை என்றால் எண்ணெய் விட்டு இரண்டு நாள் காத்திருங்கள். உப்புத்தாளும் துருநீக்கி அமிலமும் பக்கத்திலேயே வரக் கூடாது. முத்திரையின் ஆழம் ஒரு மில்லிமீட்டரில் சிறு பகுதிதான். பளபளப்பாக்கும் ஆசையில் தேய்த்தால் வயதைச் சொல்லும் ஒரே சாட்சியும் போய்விடும்.

போல்ட் ரைபிளில் கட்டையைக் கழற்றிக் குழலின் அடியையும், தோட்டா அறையைச் சுற்றியும், போல்ட் நகரும் உடற்பகுதியான ரிசீவரின் இடப் பக்கத்தையும் பாருங்கள். மடக்கும் துப்பாக்கியில் முன்கட்டையைக் கழற்றிக் குழல்களைத் தனியே எடுத்துவிட்டு, அடித்தட்டையும் அது உட்காரும் நடுப்பகுதியையும் பாருங்கள். விளக்கை நேராகப் பிடிக்காமல் சாய்த்துப் பிடித்தால் தேய்ந்த முத்திரைகளும் நிழல் விழுந்து எழுந்து நிற்கும். ஒவ்வொன்றையும் படம் எடுங்கள், தாளிலும் வரைந்து வையுங்கள். என் அனுபவத்தில், வரையும்போதுதான் கிரீடத்துக்குக் கீழே இருப்பது 'ஜி'யா, 'யு'வா என்று கண் உண்மையாகக் கவனிக்கிறது.

எந்த நாடு?

முத்திரைகளைப் படிக்கும் முன் நாட்டைத் தீர்மானிக்க வேண்டும். கிரீடத்தின் கீழ் பி (B), யு (U), ஜி (G) என்று ஒற்றை எழுத்துகள் வரிசையாக நின்றால் ஜெர்மனி. நீள்வட்டத்துக்குள் ஈ, எல், ஜி என்ற மூன்று எழுத்துகளும் ஒரு நட்சத்திரமும் இருந்தால் பெல்ஜியத்தின் லியேஜ் நகரம். கிரீடத்தின் கீழ் ஜி-யும் பி-யும் (G, P) பின்னிக் கிடந்தால் லண்டன். கிரீடத்தோடு குறுக்கே வைத்த இரண்டு செங்கோல்கள் இருந்தால் பர்மிங்காம். என்.பி.எஃப். (NPF) என்றிருந்தால் ஆஸ்திரியாவின் ஃபெர்லாக், என்.பி.வி. (NPV) என்றிருந்தால் வியன்னா.

ஒரே துப்பாக்கியில் இரண்டு நாட்டு முத்திரைகள் இருந்தால் குழம்ப வேண்டாம். லண்டன் கடைகள் ஜெர்மனியின் மவுசர் நிறுவனத்திலிருந்து, தோட்டாவை ஏற்றிப் பூட்டிச் சுடும் இயந்திரப் பகுதியான மவுசர் ஆக்‌ஷன்களை வரவழைத்துத் தங்கள் குழலையும் கட்டையையும் பூட்டி விற்றன. சாம்பாவத் ஆட்கொல்லிப் புலியைக் கொன்றதற்காக வேட்டைக்காரர் ஜிம் கார்பெட்டுக்குப் பரிசளிக்கப்பட்ட, லண்டனின் ரிக்பி நிறுவனத்து .275 ரைபிளும் அப்படி மவுசர் ஆக்‌ஷன் மேல் கட்டியதுதான். அந்த ரைபிளின் கட்டையில் பதித்த வெள்ளித் தகட்டில் 1907 என்று பொறித்திருக்கிறது. இப்படிப் பரிசுத் தகடோ பெயர்ப்பொறிப்போ இருந்தால் அது பெரிய வரம், குறித்துக்கொள்ளுங்கள். ஆனால் தகட்டை எப்போது வேண்டுமானாலும் பதிக்க முடியும் என்பதால் முத்திரையோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகே நம்புங்கள்.

ஜெர்மன் ரைபிள்: இங்கேதான் நிதானம் வேண்டும்

ஜெர்மன் பேரரசின் சோதனைச் சட்டம் 1891 மே 19 அன்று நிறைவேறி, 1893 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. இந்தத் தேதியை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். கிரீடத்தின் கீழ் 'பி' என்றால் சுட்டுச் சோதித்தது. 'யு' என்றால் அதன் பிறகு கண்ணால் ஆராய்ந்தது. 'ஜி' என்றால் குழலுக்குள் சுருள்வரி வெட்டிய ரைபிள் குழல். 'எஸ்' என்றால் ரவை (ஒரே தோட்டாவில் நிறைந்த சிறு ஈய உருண்டைகள்) சுடும் வழவழப்பான குழல், 'டபிள்யூ' என்றால் அந்த ரவைக் குழலின் வாய் குறுகியது. மூன்று குழல் உள்ள ட்ரில்லிங் துப்பாக்கிகளில் இந்த எழுத்துகள் எல்லாம் கூட்டமாக நிற்கும். கிரீடத்தின் கீழ் 'வி' தென்பட்டால் சந்தோஷப்படுங்கள். சட்டம் வந்த நேரத்தில் ஏற்கெனவே செய்து இருப்பில் இருந்த துப்பாக்கிகளுக்குக் குத்தியது அது. அப்படியானால் உங்கள் ரைபிள் 1893-க்கு முந்தியது.

இவை எதுவுமே இல்லாமல், பெயரும் வேலைப்பாடும் ஜெர்மன் என்று உறுதியாகத் தெரிந்தால் அதுவும் 1893-க்கு முன் செய்ததாக இருக்க வாய்ப்பு அதிகம். முத்திரை தேய்ந்து போகவில்லை என்பதை மட்டும் உறுதிசெய்யுங்கள்.

அடுத்த எல்லைக்கல் 1911. புகையில்லா வெடிமருந்துக்கான சோதனைக்கு கிரீடத்தின் கீழ் 'என்' என்ற முத்திரை அந்த ஆண்டு விதி மாற்றத்தோடு வந்தது. அது இருந்தால் 1911-க்கு முன்னால் இல்லை. அது இல்லாததை வைத்து மட்டும் முடிவு கட்டாதீர்கள். கறுப்பு வெடிமருந்துக்கான துப்பாக்கிகளுக்கு அது தேவைப்படவே இல்லை.

அதே சமயத்தில் குழல் அளவை எழுதும் முறையும் மாறியது. பழைய முறையில் ரைபிள் குழலில் 172,28 அல்லது 108,49 போன்ற விசித்திரமான எண் இருக்கும். புதியவர்கள் இதை வரிசை எண் என்று நினைத்துவிடுகிறார்கள். நடுவில் இருக்கும் காற்புள்ளி ஜெர்மானியர்களின் தசமப் புள்ளி. எண்ணின் பொருள் இது: ஒரு பவுண்டு ஈயத்தை அத்தனை சம உருண்டைகளாக்கினால் ஓர் உருண்டையின் விட்டம் என்னவோ அதுதான் குழலின் உள்விட்டம். 'பன்னிரண்டு போர்' (12 bore) துப்பாக்கி என்று நாம் சொல்வதும் இதே கணக்குதான். 42.4-ஐ அந்த எண்ணின் கனமூலத்தால் வகுத்தால் மில்லிமீட்டர் கிடைக்கும். 172,28 என்றால் 7.62 மில்லிமீட்டர், 108,49 என்றால் 8.89 மில்லிமீட்டர். இப்படிப்பட்ட எண் இருந்தால் 1893-க்கும் 1911-ஐ ஒட்டிய ஆண்டுகளுக்கும் இடைப்பட்ட ரைபிள். நேரடியாக மில்லிமீட்டரில் எழுதியிருந்தால் அதற்குப் பிந்தையது. இந்த ஒரு விஷயம் தெரிந்தாலே ஜெர்மன் ரைபிள்களில் பாதியை முதல் உலகப் போருக்கு முன், பின் என்று பிரித்துவிடலாம்.

ஜி.பி.பி. (GBP) என்ற எழுத்துகளும் அதற்கு முன் கிராம் அளவும் இருந்தால் அது சோதித்த வெடிமருந்தின் எடை. எஸ்.டி.எம்.ஜி. என்றால் எஃகு உறை போட்ட குண்டு, பக்கத்தில் இருப்பது குண்டின் எடை. 14,7 கிராம் என்றிருந்தால் 1888-ஆம் ஆண்டு ராணுவத் தோட்டாவின் கனமான குண்டுக்காகச் செய்த 8 மில்லிமீட்டர் ரைபிள் என்று யூகிக்கலாம்.

மூன்றாவது எல்லை 1940. 1939-ல் வந்த புதிய சட்டம் 1940 ஏப்ரல் 1 முதல் அமலானது. கிரீடம் போய், கழுகின் கீழ் 'என்' வந்தது. ஒரு எச்சரிக்கை: எழுத்து எதுவும் கீழே இல்லாத தனிக் கழுகு பழைய முத்திரைக் கூட்டத்திலும் உண்டு. கழுகைப் பார்த்ததுமே 1940 என்று எழுதிவிடாமல் நேர் கீழே எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள்.

எல்லாவற்றையும்விட இனிமையானது ஸூல் நகரத்துச் சோதனைச்சாலையின் பழக்கம். இரண்டு போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில் அங்கே சோதித்த மாதத்தையும் ஆண்டையும் மூன்று அல்லது நான்கு இலக்கமாகக் குத்தினார்கள். 1134 என்றால் 1934 நவம்பர். தேடும் விடை மாதத்தோடு கிடைத்துவிடும்.

ஒரு மாதிரிக் கணக்கு

உங்கள் கையில் ஒரு போல்ட் ரைபிள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ரிசீவர் வளையத்தில் "வாஃபன்ஃபப்ரிக் மவுசர் ஏ.ஜி., ஓபர்ன்டார்ஃப்" என்று இருக்கிறது. குழலின் மேல் ஏதோ ஒரு பெர்லின் கடையின் பெயர். அடியில் கிரீடத்தோடு பி, யு, ஜி, என். பக்கத்தில் 9,3×62 என்றும் 624 என்றும் இருக்கிறது. பின்பார்வையில் டி.ஆர்.ஜி.எம். என்ற எழுத்துகள்.

பி, யு, ஜி மூன்றும் 1893-க்கு முன் இல்லை என்கின்றன. டி.ஆர்.ஜி.எம். என்பது ஜெர்மன் பேரரசில் பதிவான சிறு கண்டுபிடிப்புக்கான அடையாளம். அந்தப் பதிவே 1891-ல்தான் தொடங்கியது என்பதால் புதிதாக எதுவும் தெரியவில்லை. 9.3×62 தோட்டாவை பெர்லின் துப்பாக்கிக் கைவினைஞர் ஓட்டோ போக் 1905-ல் உருவாக்கினார். கீழ் வரம்பு 1905-க்கு வந்துவிட்டது. கிரீடத்தின் கீழ் உள்ள 'என்' அதை 1911-க்கு நகர்த்துகிறது. கழுகு இல்லாததால் மேல் வரம்பு 1940. கடைசியாக 624: 1924 ஜூன். இரண்டு வரம்புகளுக்கும் நடுவில் அழகாக உட்காருகிறது.

இப்போது ஒரு முரண். மவுசர் நிறுவனம் 1922-ல் "மவுசர்-வெர்க்கே" என்று பெயர் மாற்றிக்கொண்டது. ரிசீவரில் பழைய பெயர் இருக்கிறதே? இதில் தவறு எதுவும் இல்லை. ஓபர்ன்டார்ஃபில் செய்த ஆக்‌ஷனை வாங்கி அலமாரியில் வைத்திருந்து, பிறகு ஸூல் பட்டறையில் குழல் பூட்டி, பெர்லின் கடைக்காரர் தன் பெயரில் விற்றிருக்கிறார். ஆக்‌ஷன் 1922-க்கு முந்தியது, ரைபிளாக உருவானது 1924. ஒரு துப்பாக்கிக்கு ஒரே பிறந்தநாள் இருந்தாக வேண்டும் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். பாகத்துக்குப் பாகம் தனித்தனியாக வயது எழுதுங்கள், அதுதான் நேர்மையான முறை.

பிரிட்டிஷ் ரைபிள்

லண்டன் முத்திரை நீண்ட காலம் பெரிதாக மாறாததால் அதை மட்டும் வைத்து வயது சொல்வது கடினம். பர்மிங்காம் நமக்கு உதவும். அங்கே சோதனைச்சாலை 1813-ல் வந்தது. 1904 வரை குறுக்குச் செங்கோல்களும் கிரீடமும். 1904 முதல் கிரீடத்தின் கீழ் பி.பி. (BP), பி.வி. (BV), என்.பி. (NP) என்ற எழுத்து ஜோடிகள். லண்டனிலும் 1904 முதல் வளைந்த வாளேந்திய கையோடு என்.பி. முத்திரை உண்டு. பர்மிங்காமில் 1921-ல் ஆண்டுக்கு ஓர் எழுத்து என்ற ரகசியக் குறியும் தொடங்கியது. ஏ என்றால் 1921.

பெரிய விலங்குகளுக்கான இரட்டைக் குழல் ரைபிள்களில் "கார்டைட் 70-480 மேக்ஸ்" என்பது போன்ற வாசகம் இருக்கும். கார்டைட் என்பது புகையில்லா வெடிமருந்து. 70 கிரெய்ன் (சிறிய எடை அளவு) மருந்து, 480 கிரெய்ன் குண்டு, அதற்கு மேல் போடாதே என்று பொருள். இந்த இணை .450 நைட்ரோ எக்ஸ்பிரஸ் தோட்டாவுக்கு உரியது. 1898-ல் ரிக்பி கொண்டுவந்த தோட்டா அது.

இந்த .450-க்கு நம் ஊரோடு நேரடித் தொடர்பு உண்டு. கிளர்ச்சிக்காரர்கள் கையில் இருந்த பழைய பிரிட்டிஷ் ராணுவ மார்ட்டினி-ஹென்றி ரைபிள்களுக்கு .450 குண்டுகள் போய்ச்சேரும் என்று பயந்து, 1907-ல் இந்தியாவில் அந்த அளவுக்கு அரசு தடை போட்டது. பிரிட்டிஷ் தயாரிப்பாளர்கள் சும்மா இருப்பார்களா? .465, .470, .476 என்று கொஞ்சம் கொஞ்சம் மாற்றிப் புதிய தோட்டாக்களைக் கொண்டுவந்தார்கள். ஆகவே இந்தியாவில் வேட்டையாடப் பயன்பட்ட ரைபிள் .450 என்றால் 1907-க்கு முன் வந்ததாகவும், .465 அல்லது .470 என்றால் அதற்குப் பின் வந்ததாகவும் கருதலாம். ஓர் ஆட்சியின் பயம் துப்பாக்கிக் குழலின் விட்டத்தில் பதிந்து கிடப்பதைப் பார்க்கும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் வியப்பாக இருக்கிறது.

முகவரியையும் படியுங்கள். லண்டன் தயாரிப்பாளரான பர்டியின் ரைபிளில் "314½ ஆக்ஸ்ஃபோர்டு தெரு" என்றிருந்தால் அது 1880-களின் தொடக்கத்துக்கு முந்தியது. அதன் பிறகு அவர்கள் சவுத் ஆட்லி தெருவுக்குப் போய்விட்டார்கள்.

பெல்ஜியமும் ஆஸ்திரியாவும், சுருக்கமாக

லியேஜின் நீள்வட்டத்துக்கு மேலே கிரீடம் இருந்தால் 1893-க்குப் பின், இல்லையென்றால் முன். சிங்கத்தின் கீழ் பி.வி. (PV) என்றால் 1898-க்குப் பின். 1922 முதல் ஆண்டுக்கு ஒரு சிறிய எழுத்து. ஆங்கிலச் சிறிய 'ஏ' 1922. பெல்ஜியத்துத் துப்பாக்கிகளில் ஆங்கிலேயர் பெயர் போல ஒலிக்கும் பெயர்களைப் பொறித்து ஏராளமாக ஏற்றுமதி செய்தார்கள். மேலே என்ன பெயர் இருந்தாலும் அடியில் நீள்வட்டம் இருந்தால் குழல் சோதனைக்குள்ளான இடம் லியேஜ்தான்.

ஆஸ்திரியத் துப்பாக்கிகளில் ஒரு எண், புள்ளி, பிறகு இரண்டு இலக்கம் என்ற வடிவம் இருக்கும். புள்ளிக்குப் பின் வருவது சோதித்த ஆண்டு. மன்லிஹர்-ஷோனாவர் ரைபிள்களில் மாடல் ஆண்டு ரிசீவரிலேயே எழுதியிருக்கும். அது வடிவமைப்பின் ஆண்டு, உங்கள் துப்பாக்கியின் ஆண்டு அல்ல. இந்த ரைபிள்களைச் செய்த ஷ்டையர் நிறுவனம் 1926-ல் பெயர் மாற்றியது. "ஆஸ்திரிய ஆயுதத் தொழிற்சாலைச் சங்கம்" என்று பொருள்படும் பழைய நீளப் பெயர் இருந்தால் அதற்கு முந்தியது.

ஏமாற்றும் இடங்கள்

குழலை மாற்றியிருக்கலாம். பழுது பார்த்து மறுபடி சோதனைக்கு அனுப்பியிருக்கலாம். போருக்குப் பிந்தைய மேற்கு ஜெர்மனியில் உல்ம் சோதனைச்சாலை மான்கொம்பு முத்திரையோடு ஆண்டை எழுத்துகளில் குத்தியது: ஏ என்றால் 0, பி என்றால் 1 என்று வரிசையாக. ஜி, எச் என்றிருந்தால் 67. 1910-ஆம் ஆண்டு ரைபிளில் இந்த முத்திரையைப் பார்த்தால் 1967-ல் யாரோ பழுது பார்த்துக் கொடுத்திருக்கிறார்கள் என்று பொருள். ஆகவே பழைய முத்திரைகளையும் புதியவற்றையும் பிரித்து இரண்டு பட்டியல் போடுங்கள்.

தோட்டா அறையையும் மாற்றியிருப்பார்கள். முதல் உலகப் போருக்குப் பிறகு ராணுவத் தோட்டாவான 8×57-க்குக் கட்டுப்பாடு வந்ததால் பல வேட்டை ரைபிள்களை 8×60-க்கு நீட்டினார்கள். 8×57-இலேயே இரண்டு வகை உண்டு: பழைய குழலுக்கான குண்டு சுமார் 8.08 மில்லிமீட்டர், 1905-ல் ராணுவம் மாறிய 'எஸ்' வகை 8.20 மில்லிமீட்டர். பெயரில் ஒரு 'எஸ்' மட்டும்தான் வித்தியாசம், ஆனால் பெரிய குண்டைப் பழைய குழலில் சுடுவது ஆபத்து. வயது கண்டுபிடித்த உற்சாகத்தில் யாரும் சுட்டுப் பார்க்க வேண்டாம். முத்திரை அன்று குத்திய நாளில் குழல் எப்படி இருந்தது என்பதைத்தான் சொல்கிறது, இன்று எப்படி இருக்கிறது என்பதை அல்ல.

"ஜெர்மனி" என்ற ஆங்கிலச் சொல் குழலில் இருந்தால் ஏற்றுமதிக்கான துப்பாக்கி. பிரிட்டன் 1887-லும் அமெரிக்கா 1890-லும் போட்ட சட்டங்களால்தான் நாட்டின் பெயரைக் குத்தும் பழக்கம் பரவியது.

கடைசிப் படி: கடிதம்

இவ்வளவுக்கும் பிறகு தயாரிப்பாளர் பெயருக்கு வரலாம். பர்டி, ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட், ரிக்பி, வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் போன்ற நிறுவனங்களின் பழைய விற்பனைப் பேரேடுகள் இன்னும் இருக்கின்றன. கட்டணம் வாங்கிக்கொண்டு பதில் எழுதுவார்கள். வரிசை எண், குழல் நீளம், தோட்டாவின் பெயர், முத்திரைகளின் தெளிவான படங்கள், நீங்கள் போட்ட வரம்புகள் எல்லாவற்றையும் சேர்த்து அனுப்புங்கள். படத்தில் ஓர் அளவுகோலை வைத்து எடுங்கள். பிளாஷ் வேண்டாம், சன்னல் வெளிச்சம் போதும். பேரேட்டில் முடித்த தேதியோடு முதன்முதலில் வாங்கியவரின் பெயரும் இருக்கும்.